சதுப்பு நிலப் பூதத்தை எழுப்புவதற்கு முன்

சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் இருந்து எனக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. அனுப்பியவன் என் பழைய நண்பர் ஒருவரின் மகன். நன்றாகச் சித்திரம் வரைவான். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து திகில் சித்திரக்கதை ஒன்றை வெளியிட ஆயத்தம் செய்கிறானாம். புதிய பாத்திரத்தைக் கற்பனை செய்வதற்குப் பதிலாக, 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்து பின்னர் எல்லோராலும் கைவிடப்பட்ட சதுப்பு நிலப் பூதம் ஒன்றை மீண்டும் எழுப்பப் போகிறார்களாம். கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. "அங்கிள், அப்பா இதைக் கேட்டுச் சிரிக்கிறார். பழைய குப்பையைக் கிண்டாமல் புதிதாக ஏதாவது செய் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் அரசியல் பற்றியவை. தேர்தலில் யார் வெல்வார், தீர்வு வருமா வராதா என்று கேட்பார்கள். சதுப்பு நிலப் பூதம் பற்றி ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது இதுவே முதற்தடவை. ஆனால் இந்த விடயத்தில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அவனுக்குச் சுருக்கமாகப் பதில் எழுதினேன். அதை விரிவாக இங்கே எழுதுவது வேறு சிலருக்கும் பயன்படலாம்.

முதலில் அவன் எழுப்ப நினைக்கும் பூதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'த ஹீப்'. குவியல் என்று தமிழில் சொல்லலாம். ஹில்மன் நிறுவனம் வெளியிட்ட 'எயார் ஃபைற்றர்ஸ்' சித்திரக்கதை இதழில் 1942 டிசம்பரில் ஹரி ஸ்டைன் என்ற எழுத்தாளரும் மோர்ட் லீவ் என்ற ஓவியரும் அதைப் படைத்தார்கள். முதலாம் உலகப் போரில் போரிட்ட ஜேர்மன் விமானி ஒருவன் 1918இல் போலந்து நாட்டின் சதுப்பு நிலம் ஒன்றில் சுட்டு வீழ்த்தப்படுகிறான். எரிக் வொன் எமெல்மன் என்பது அவன் பெயர். உயிர்வாழ வேண்டும் என்ற அவனது தீராத வேட்கை அழுகிய இலை தழைகளோடும் சேற்றோடும் கலந்து, இருபது வருடங்களுக்கு மேலாக ஊறி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மனிதனும் அல்லாத விலங்கும் அல்லாத ஒரு குவியலாக எழுந்து நடக்கிறது.

இந்தக் கற்பனைக்கும் ஒரு முன்னோடி உண்டு. தியடோர் ஸ்ரேஜன் என்ற எழுத்தாளர் 1940இல் 'இற்' என்ற தலைப்பில் எழுதிய சிறுகதை அது. காட்டில் கிடந்த மனித எலும்புக்கூடு ஒன்றின் மீது இலைமக்கு படிந்து உருவாகிய ஏதோ ஒன்று, தான் யாரென்று தெரியாமல் நடமாடுகிறது. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பின்னர் தோன்றிய சதுப்பு நிலப் பூதங்கள் யாவும் இந்தக் கதைக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவை என்பது பொதுவான கருத்து.

குவியல் 1953 வரை உயிர் வாழ்ந்தது. அந்த ஆண்டோடு அது இடம்பெற்ற இதழ் நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டில் அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகள் அனைத்துக்கும் கெட்ட காலம் தொடங்கிற்று.

1954இல் பிரெட்ரிக் வேர்தம் என்ற மனநல மருத்துவர் சித்திரக்கதைகள் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று குற்றஞ்சாட்டி ஒரு நூலை வெளியிட்டார். அமெரிக்க செனட் சபையின் உபகுழுவும் அதே ஆண்டில் நியூயோர்க்கில் பகிரங்க விசாரணை நடத்தியது. அரசாங்கம் சட்டம் கொண்டுவருவதற்கு முன்னர் தாங்களே தங்களுக்கு விலங்கு மாட்டிக்கொள்வது நல்லது என்று பதிப்பாளர்கள் முடிவு செய்தார்கள். சித்திரக்கதை ஒழுங்குவிதி பிறந்தது அப்படித்தான். தலைப்பில் 'திகில்' என்ற சொல்லையோ 'பயங்கரம்' என்ற சொல்லையோ பயன்படுத்தக் கூடாது. இரத்தம் குடிக்கும் பேய்கள் கூடாது. பிணந்தின்னிகள் கூடாது. ஓநாய் மனிதர்கள் கூடாது. நடமாடும் பிணங்கள் கூடவே கூடாது. ஒழுங்குவிதிச் சபையின் முத்திரை அட்டையில் இல்லாத இதழ்களை விற்பனைக்கு எடுக்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள்.

வெளியார் தணிக்கைக்குப் பயந்து உள்ளேயே தணிக்கை செய்துகொள்வது எத்தகைய அனுபவம் என்பதை என் போன்ற பத்திரிகையாளர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1998இலும் பின்னர் 2000ஆம் ஆண்டிலும் போர்ச் செய்திகள் மீது தணிக்கை விதிக்கப்பட்டிருந்த காலத்தில் பக்கங்களைத் தணிக்கை அதிகாரிக்கு அனுப்பிவிட்டு இரவிரவாகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அதிகாரி வெட்டியதைவிட அதிகமாக நாங்களே எழுதும்போது வெட்டிவிடுவோம். அந்தக் காலத்தில் நாம் இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம். தடைசெய்யப்பட்ட சொல்லைப் பயன்படுத்தாமல் அந்தச் சொல் குறிக்கும் பொருளை வாசகனிடம் கொண்டுசேர்க்கும் வித்தை அது.

சதுப்பு நிலப் பூதமும் அத்தகைய ஒரு வித்தை என்றுதான் நான் நினைக்கிறேன். 1971இல் ஒழுங்குவிதி சற்றுத் தளர்த்தப்பட்டது. பழைய இலக்கியங்களில் வருகின்ற முறையில் கையாள்வதானால் இரத்தக் காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் அனுமதிக்கலாம் என்றார்கள். நடமாடும் பிணங்களுக்கு மாத்திரம் அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் பாசியும் வேரும் கொடியும் போர்த்துக்கொண்டு சேற்றில் இருந்து எழுந்து வருவதைப் பிணம் என்று எவரும் சொல்ல முடியாதல்லவா? அது ஒரு தாவரம்!

அதே 1971ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் இரண்டு பூதங்கள் பிறந்தன. மார்வெல் நிறுவனத்தின் 'மான்-திங்' மே மாதத்தில் வந்தது. டி.சி. நிறுவனத்தின் 'ஸ்வாம்ப் திங்' அதைத் தொடர்ந்து 'ஹவுஸ் ஒஃப் சீக்ரெற்ஸ்' 92ஆவது இதழில் எட்டுப் பக்கச் சிறுகதையாக வந்தது. மான்-திங் கதையை எழுதியவர்களில் ஒருவரான ஜெரி கொன்வேயும் ஸ்வாம்ப் திங்கைப் படைத்த லென் வெய்னும் அந்த நாட்களில் ஒரே வீட்டில் அறை பகிர்ந்து வாழ்ந்தவர்கள். இருந்தும் யாரும் யார் மீதும் வழக்குப் போடவில்லை. இருவருமே குவியலுக்குக் கடன்பட்டவர்கள் என்பது காரணமாக இருந்திருக்கலாம்.

அந்த எட்டுப் பக்கக் கதையைப் படிக்கும் வாய்ப்பு எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் கிடைத்தது. நண்பனால் கொல்லப்பட்டுச் சதுப்பில் புதைக்கப்பட்ட விஞ்ஞானி ஒருவன், அந்தக் கொலைகாரனையே மறுமணம் செய்துகொண்ட தன் மனைவியைக் காப்பாற்றுவதற்காக எழுந்து வருகிறான். அவளைக் காப்பாற்றியும் விடுகிறான். ஆனால் நான்தான் உன் கணவன் என்று சொல்ல அவனுக்குக் குரல் இல்லை. அவள் அலறுகிறாள். அவன் மீண்டும் சேற்றுக்குத் திரும்புகிறான். பேர்னி ரைட்சனின் தூரிகை அந்த முகத்தில் கொண்டுவந்த துயரம் மறக்க முடியாதது. அடுத்த ஆண்டில் இந்தக் கதை நவீன காலத்துக்கு மாற்றப்பட்டு, லூசியானா மாநிலச் சதுப்பு நிலத்தில் குண்டுவெடிப்பில் சிக்கிய அலெக் ஹொலண்ட் என்ற விஞ்ஞானியின் கதையாகத் தனி இதழில் தொடங்கிற்று. ரைட்சன் 10 இதழ்களுடனும் வெய்ன் 13 இதழ்களுடனும் விலகிக்கொண்டார்கள். 1976இல் 24ஆவது இதழோடு அது நின்றது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

1982இல் வெஸ் க்ரேவனின் இயக்கத்தில் ஸ்வாம்ப் திங் திரைப்படமாக வந்தது. படத்தின் வரவைப் பயன்படுத்தி விற்றுவிடலாம் என்று இதழையும் மீண்டும் தொடங்கினார்கள். பழைய பாத்திரங்களை எழுப்புவதற்கு நிறுவனங்களிடம் இருக்கும் வழமையான காரணம் இதுதான். பெயர் கைவசம் இருக்கிறது, உரிமை கைவசம் இருக்கிறது, ஆகவே மீண்டும் விற்போம். ஆனால் விற்பனை எடுபடவில்லை. இதழ் நிறுத்தப்படும் தறுவாயில் இருந்தபோதுதான் ஆசிரியராக இருந்த லென் வெய்ன் இங்கிலாந்தின் நோர்தாம்ரன் நகருக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்தார். மறுமுனையில் இருந்த இளைஞருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. நண்பர் எவரோ குரலை மாற்றிப் பகிடி விடுகிறார் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். அவர்தான் அலன் மூர்.

மூர் என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பூதத்துக்குப் புதிய சட்டை போட அவர் முற்படவில்லை. 1984 ஜனவரியில் வந்த தமது முதல் இதழில், முன்னைய எழுத்தாளர் விட்டுச்சென்ற இழைகளை முடித்துவைத்து, இறுதியில் பூதத்தையே சுட்டுக் கொன்றார். ஸ்டீபன் பிசெற், ஜோன் டோட்டில்பென் ஆகியோரின் ஓவியங்களுடன் வந்த அடுத்த இதழில் பூதத்தின் உடலைப் பிரேத பரிசோதனை மேசையில் கிடத்தினார். பரிசோதிப்பவர் வூட்ரூ என்ற தாவரவியலாளர். உள்ளே நுரையீரல் போல ஒன்று இருக்கிறது. அது சுவாசிக்க உதவாது. சிறுநீரகம் போல ஒன்று இருக்கிறது. அது எதையும் வடிகட்டாது. இதயம் போல ஒன்று இருக்கிறது. அது துடித்ததே இல்லை. மனித உறுப்புகளைப் பார்த்துச் செய்த தாவரப் போலிகள் இவை. எதற்காக?

விடைக்கு மூர் எடுத்துக்கொண்டது ஓர் உண்மையான ஆய்வுச் சர்ச்சை. 1950களிலும் 60களிலும் ஜேம்ஸ் மக்கொனல் என்ற அமெரிக்க உளவியலாளர் தட்டைப் புழுக்களுக்குப் பயிற்சி அளித்து, அவற்றை வெட்டி வேறு புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தார். தின்ற புழுக்கள் தின்னப்பட்டவற்றின் பயிற்சியைப் பெற்றுக்கொண்டன என்று அறிவித்தார். பின்னர் மற்றைய ஆய்வாளர்களால் அந்த முடிவை நம்பத்தக்க விதத்தில் மீண்டும் பெற முடியவில்லை. விஞ்ஞானம் கைவிட்டதைக் கதை எடுத்துக்கொண்டது. அலெக் ஹொலண்ட் அந்த வெடிப்பிலேயே செத்துவிட்டான். சதுப்பு நிலத்தின் செடிகொடிகள் அவன் உடலைத் தின்றபோது அவன் நினைவையும் தின்றுவிட்டன. தன்னை ஹொலண்ட் என்று நம்பிக்கொண்டு ஒரு தாவரம் எழுந்து நடந்திருக்கிறது. இத்தனை வருடங்களாக வாசகர்கள் பார்த்தது தாவரமாக மாறிய மனிதனை அல்ல. மனிதன் என்று தன்னை நினைத்துக்கொண்ட தாவரத்தை.

பழைய இதழ்களில் நடந்த எந்தச் சம்பவத்தையும் இது பொய்யாக்கவில்லை. ஒரு சொல்லையும் அழிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றின் பொருளும் மாறிவிட்டது. மீண்டும் மனிதனாக மாறுவதற்கு மருந்து தேடுவதுதான் அதுவரை பூதத்தின் குறிக்கோள். இனித் தேடுவதற்கு எதுவும் இல்லை. திரும்பிப் போவதற்கு ஒரு மனிதன் இருக்கவே இல்லை.

எல்லோரும் இந்த இதழைத்தான் பேசுவார்கள். என் மனதில் தங்கியது அதன் பின்னர் வந்த 28ஆவது இதழ். அதன் தலைப்பே 'அடக்கம்' என்பதுதான். தான் ஹொலண்ட் அல்ல என்று அறிந்துகொண்ட பூதம் சதுப்பு நீரின் அடியில் கிடந்த அவனது எலும்புகளைத் தேடி எடுத்து, குழி தோண்டி, அடக்கம் செய்கிறது. இத்தனை காலமும் எவருடைய நினைவைச் சுமந்ததோ அவருக்குரிய கடைசிக் கடமையைச் செய்கிறது. அதன் பின்னரே அந்தப் பாத்திரத்துக்கு உண்மையான விடுதலை கிடைக்கிறது.

இந்த இடத்தில் என்னால் என் மண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்களிடம் பேசச் சென்றிருக்கிறேன். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்பதை அவர்கள் முகங்களில் பார்த்திருக்கிறேன். அடக்கம் செய்ய ஓர் எலும்பும் இல்லாதவர்களின் துயரம் அடக்கம் செய்தவர்களின் துயரத்தைவிட வேறானது. அமெரிக்கச் சிறுவர் இதழ் ஒன்றில் வந்த பூதக்கதை இதை அறிந்திருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

பூதத்தை எழுப்புவதில் மூர் கண்ட சூட்சுமம் இதுதான் என்பது என் கருத்து. எழுப்புவதற்கு முன்னர் அவர் அதைக் கொன்றார், அறுத்துப் பார்த்தார், இறந்தவன் யாரென்று கண்டுபிடித்து அடக்கமும் செய்தார். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பெயரையும் உருவத்தையும் மாத்திரம் வெளியே எடுப்பதை நான் எழுப்புதல் என்று சொல்ல மாட்டேன். பிணத்துக்குச் சோடனை செய்து வாசலில் நிறுத்துவது என்றுதான் சொல்லுவேன்.

லென் வெய்னையும் நாம் மறந்துவிடக் கூடாது. தாம் பெற்ற பிள்ளையை, தமது கதையின் அடித்தளத்தையே புரட்டிப் போடப் போகிற ஒரு வெளிநாட்டு இளைஞரிடம் ஒப்படைத்து, நீர் நினைத்தபடி செய்யும் என்று விட்டுவிடும் பெருந்தன்மை எத்தனை மூத்தவர்களுக்கு வரும்? நம் பத்திரிகை அலுவலகங்களில் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மூத்தவர்களை நான் அறிவேன். நானே அப்படி இருந்திருக்கிறேன்.

29ஆவது இதழில் மூர் எழுதிய கதையை ஒழுங்குவிதிச் சபை ஏற்க மறுத்தது. நிறுவனம் கதையை மாற்றவில்லை. முத்திரை இல்லாமலே வெளியிட்டது. விரைவிலேயே அந்த முத்திரையைக் கேட்பதையே விட்டுவிட்டது. இதழ் விற்றது. 1954இல் போடப்பட்ட அந்த விலங்கு அதன் பின்னர் மெல்லத் துருப்பிடித்து, 2011இல் முற்றாகக் கழன்று விழுந்தது. அதே நிறுவனம் எப்போதும் துணிச்சலாக நடந்துகொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1989இல் மூருக்குப் பின்னர் எழுதிய ரிக் வீச், பூதம் காலத்தில் பின்னோக்கிச் சென்று இயேசுநாதரைச் சந்திக்கும் கதை ஒன்றை எழுதினார். அது முதலில் அனுமதிக்கப்பட்டுப் பின்னர் மேலிடத்தால் நிறுத்தப்பட்டது. வீச் வெளியேறினார். அவருக்குப் பின் எழுத இருந்த நீல் கெய்மனும் ஜேமி டெலானோவும் எதிர்ப்புத் தெரிவித்து விலகிக்கொண்டார்கள்.

அடக்கம் செய்யப்பட்ட ஹொலண்டையும் விட்டுவைக்கவில்லை. 2011இல் முடிந்த வேறொரு தொடரில் அவனை உயிரோடு எழுப்பிவிட்டார்கள். மூர் தோண்டிய குழியை மீண்டும் தோண்டியது போலத்தான் எனக்குப் பட்டது. அதன் பின்னர் எழுத வந்த ஸ்கொட் ஸ்னைடர் அந்தப் பிழையில் இருந்தே ஒரு நல்ல கேள்வியை எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு மனிதனின் நினைவைச் சுமந்த தாவரம். இப்போது தாவரத்தின் நினைவைச் சுமக்கும் மனிதன். தான் வாழாத வாழ்க்கையின் ஞாபகங்களோடு அவன் எப்படி வாழ்வான்?

2021இல் மும்பையில் பிறந்த எழுத்தாளர் ராம் வி, மைக் பேர்கின்ஸ் என்ற ஓவியருடன் சேர்ந்து இன்னொரு தடவை எழுப்பினார். இம்முறை பூதம் லீவாய் காமெய் என்ற, அமெரிக்காவில் வாழும் இந்திய இளைஞன். விட்டுவந்த ஊருக்கும் வந்துசேர்ந்த நாட்டுக்கும் இடையில் கிழிபடுகிறவன். முதலில் 10 இதழ்களுக்கு என்று திட்டமிட்ட தொடர் 16 இதழ்கள் வரை நீடித்தது. புலம்பெயர்ந்தவனுக்குள் சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் எங்கள் வாசகர்கள் பலருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

இனி என் நண்பரின் பக்கத்து வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கிண்டுவது கற்பனை வறட்சி அல்லவா என்கிறார் அவர். பெரும்பாலும் அது உண்மைதான். ஒரு பெயருக்கு ஏற்கனவே இருக்கும் சந்தையை நம்பிச் செய்யப்படும் மீட்சிகளே அதிகம். இன்னொரு அநீதியும் உண்டு. வெய்னும் ரைட்சனும் அந்தக் காலத்து வழக்கப்படி நிறுவனத்துக்காக எழுதி வரைந்தவர்கள். பாத்திரத்தின் உரிமை அவர்களுடையதல்ல. இருவரும் 2017இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள். அவர்களுடைய பூதம் இன்னும் யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கிறது. பழையதை எடுக்கிறவன் முதற் பக்கத்தில் முதலில் படைத்தவர்களின் பெயரைப் போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சட்டம் கேட்காவிட்டாலும் போட வேண்டும்.

ஆனால் எல்லா மீட்சியும் வறட்சி அல்ல. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த பெட்டிக்கடையில் சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் புத்தகங்களுக்காகக் காவல் இருந்திருக்கிறேன். எங்கள் தலைமுறையின் நாயகன் இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் 1972இல் அவனோடுதான் தொடங்கியது. அவன் இங்கிலாந்துக்காரன் என்பதும், 1962இல் 'வேலியன்ற்' இதழில் ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கையில் உருப்பெற்றவன் என்பதும் பின்னாளில் தெரிய வந்தவை. சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் 1995 இடம்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. 2005இல் 'அல்பியன்' என்ற தொடரில் அவன் மீண்டும் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். கதைத் திட்டத்தில் அலன் மூரும் பங்குகொண்டிருந்தார். இதழ்கள் நின்றபோது அந்தப் பழைய நாயகர்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று அந்தக் கதை கேட்கிறது. ஸ்கொட்லாந்துக் கோட்டை ஒன்றில் அவர்களைச் சிறை வைத்திருக்கிறார்கள். எங்கள் மாயாவியும் அங்கேதான் முதுமையோடு இருக்கிறான். எனக்கு ஏற்பட்ட உணர்வு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. தொலைந்துபோன புத்தகப் பெட்டியில் இருந்து யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சதுப்பு நிலப் பூதத்தின் பிறப்பிடமே அழிந்துகொண்டிருக்கிறது. 1932 முதல் 2010 வரையான காலத்தில் லூசியானா தனது கரையோர நிலத்தில் ஏறத்தாழ 1,900 சதுர மைல்களை இழந்திருக்கிறது என்று அமெரிக்க நிலவியல் அளவைத் திணைக்களம் கணக்கிட்டது. மிசிசிப்பி ஆற்றுக்கு அணை கட்டி வண்டலைத் தடுத்ததும், எண்ணெய்க் கொம்பனிகள் சதுப்பு நிலத்தைக் குறுக்கறுத்துக் கால்வாய்கள் வெட்டியதும், நிலம் தாழ்ந்து கடல் உயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். 1942இல் சதுப்பு நிலம் என்பது மனிதனைப் பயமுறுத்தும் இடம். இன்று மனிதனைக் கண்டு பயப்பட வேண்டிய இடம் அது. பூதம் அதேதான். பயத்தின் திசை மாறிவிட்டது. இதை எழுதுவதற்குப் புதிய பாத்திரத்தைவிடப் பழைய பாத்திரமே பொருத்தமானது. அன்றைய பயத்தையும் இன்றைய பயத்தையும் ஒரே முகத்தில் காட்ட அதனால்தான் முடியும்.

நம்மவர்களுக்கும் சதுப்பு நிலப் பேய் ஒன்று இருந்தது. சேற்று நிலங்களில் இரவில் தோன்றி மறையும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். அழுகும் தாவரங்களில் இருந்து எழும் வாயுவே காரணம் என்று விஞ்ஞான ஆசிரியர் வகுப்பில் விளங்கப்படுத்தியதோடு அந்தப் பேய் எங்களை விட்டுப் போயிற்று. சேறும் போகுமானால் விளங்கப்படுத்துவதற்கும் ஒன்றும் இராது.

நண்பரின் மகன் தனது மின்னஞ்சலோடு சில சித்திரங்களையும் அனுப்பியிருந்தான். குவியல் வானளாவ வளர்ந்திருக்கிறது. நகரத்துக் கட்டடங்களைப் பெயர்த்து எறிகிறது. இரத்தம் தாராளமாக ஓடுகிறது. கை நல்ல கை. ஆனால் அந்தப் பூதம் யார் என்பது எந்தச் சித்திரத்திலும் தெரியவில்லை.

அவனுக்கு நான் எழுதிய பதில் இவ்வளவுதான். தம்பி, அப்பா சொல்வதைக் கேட்டு இதைக் கைவிட வேண்டாம். ஆனால் கட்டடங்களை உடைப்பதற்கு முன்னர் ஒரு விடயத்தை யோசித்துப் பார். உன் பூதத்துக்குள் இருப்பவன் ஒரு போர்வீரன். அவனைப் படைத்தவர்களின் நாட்டுக்கு அவன் எதிரி. போலந்துச் சேற்றில் விழுந்த அவனைத் தேடி எவரும் வரவில்லை. எவரும் அடக்கம் செய்யவில்லை. எதிரியின் பிணத்தில் இருந்து ஒரு பூதம் செய்து 1942இல் பத்துச் சதத்துக்கு விற்றார்கள். அந்த விமானிக்காக யார் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள் என்று அந்தக் கதைகளைப் படித்த சிறுவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? உனக்குக் கேட்கத் தெரியும். நீ யாருடைய பேரப்பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

பதில் அனுப்பி மூன்று நாட்களின் பின்னர் ஒரு சித்திரம் வந்தது. அதில் கட்டடங்களும் இல்லை, இரத்தமும் இல்லை. சதுப்பு நீரின் விளிம்பில் குவியல் குந்தியிருக்கிறது. அதன் உள்ளங்கையில் துருப்பிடித்த சட்டைப் பொத்தான் ஒன்று. கீழே ஒரு வரி மாத்திரம் எழுதியிருந்தான். "அங்கிள், முதல் பக்கம் இதுதான்."

அப்பாவுக்கும் காட்டு என்று பதில் எழுதினேன்.